ஹேசலின் மூன்று நிமிடங்கள்

மார்ச் மாதச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து, வருமானவரிப் படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு இலவசமாக நிரப்பிக் கொடுப்பேன். மற்ற நாட்களில் நான் அங்கே நூலகர். பேச்சு குறைவான வேலைகள் என்று நம்பித்தான் இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். வருகிறவர்கள் முதல் ஐந்து நிமிடம் ஏரியில் பனிக்கட்டி எத்தனை அங்குலம் உறைந்திருக்கிறது என்று பேசுவார்கள். நான் காத்திருப்பேன். பேச்சு தீர்ந்தபின் வருகிற மௌனத்தில்தான், சொல்லாமல் விட்ட வருமானமெல்லாம் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

லோவெல் நைகார்ட் அன்று முதல் ஆளாக வந்தான். மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். பள்ளியில் படித்தபோது எடுத்துப்போன மீன்பிடிப் புத்தகம் ஒன்றை இன்னும் திருப்பித் தரவில்லை.

"கிர்ஸ்டன் வரலையா? புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்," என்றேன்.

"குழந்தையோட சோஷியல் செக்யூரிட்டி நம்பர் அட்டையைத் தேடிக்கிட்டு இருக்கா. வேணாம்னு சொன்னேன், கேக்கல. அதான் முன்னாடியே வந்துட்டேன்."

"ஏன் வேணாம்?"

"ஹேசல் போன வருஷக் கணக்குல வரமாட்டாளே இர்மா. உங்களுக்குத் தெரியாததா?" என்று என் தலைக்குப் பின்னால் கையைக் காட்டினான்.

பின்னால் இருந்தது அறிவிப்புப் பலகை. அதில் எங்கள் வாரப் பத்திரிகையின் துண்டு. 'இந்த ஆண்டின் முதல் குழந்தை: ஹேசல் நைகார்ட், நள்ளிரவு 12.03.' படத்தில் லோவெல் வாயெல்லாம் பல்லாக நின்றான். எங்கள் ஊரில் ஆண்டின் முதல் குழந்தைக்கு மளிகைக்கடைக்காரர் ஒரு வருடத்துக்கு டயப்பர் கொடுப்பார். தேவாலயப் பெண்கள் நாங்கள் துண்டுத்துணிகளை இணைத்து ஒரு போர்வை தைத்துக் கொடுப்போம். அந்தப் போர்வையின் மூலையில் இருக்கும் நீல நட்சத்திரம் என் கைவேலை. கொஞ்சம் கோணல்.

"மூணு நிமிஷத்துல கோட்டை விட்டுட்டியே," என்றேன். "போன வருஷம் எல்லாருக்கும் கொரோனா நிவாரணப் பணம் அனுப்பினாங்களே, அப்ப பழைய கணக்கைப் பாத்துதான் அனுப்பினாங்க. அந்த வருஷம் பொறந்த குழந்தைங்க விட்டுப்போச்சு. அதுங்க பங்கு ஆயிரத்து நானூறு டாலரை இந்தப் படிவத்துல கேட்டு வாங்கலாம். குழந்தைக்கான சலுகை தனியா மூவாயிரத்து அறுநூறு. மொத்தம் அஞ்சாயிரம்."

"அப்படியா," என்றான் லோவெல். அந்த அறையில் ஹீட்டர் சரியாக வேலை செய்யாது, எப்போதும் குளிரும். ஆனாலும் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

அப்போது கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு கிர்ஸ்டன் உள்ளே வந்தாள். ஒரு கையில் குழந்தை, மறுகையில் ஒரு உறை. உறையிலிருந்து மீன் வாடை வந்தது.

"இர்மா, மத்த வீட்டுல புருஷன் பாட்டிலை ஒளிச்சு வைப்பான். எங்க வீட்டுல பெத்த பொண்ணோட பிறப்புச் சான்றிதழை ஒளிச்சு வச்சிருக்கார். எங்கேன்னு கேளுங்க. தூண்டில் பெட்டியில, புழு டப்பாவுக்கு அடியில!"

சான்றிதழைப் பிரித்தேன். 2021 டிசம்பர் 31. இரவு 11.57.

லோவெல் தாங்கமாட்டாமல் பேச ஆரம்பித்தான்.

"சத்தியமா சுவத்துக் கடிகாரம் பன்னெண்டு மூணு காட்டுச்சு. நர்சுங்க வேலை மாத்துறதுக்கு லேட் ஆகக்கூடாதுன்னு அதை ஆறு நிமிஷம் முன்னாடி தள்ளி வச்சிருந்தாங்களாம். டாக்டரம்மா தன் கைக்கடிகாரத்தைப் பாத்து எழுதிட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும்? காலைல ஆறு மணிக்கே பத்திரிகைக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

"சான்றிதழ் எப்ப வந்துச்சு?"

"ரெண்டு வாரம் கழிச்சு. அதுக்குள்ள போர்வை வந்துருச்சு. படம் வந்துருச்சு. டயப்பர் ஒரு பெட்டி தீந்தே போச்சு."

"நீ கடிகாரம் பாக்கலையா கிர்ஸ்டன்?" என்றேன்.

"நான் அப்ப கடிகாரம் பாக்குற நெலமையிலயா இருந்தேன்?" என்று சொல்லிவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள். "ஏன்ப்பா, ஒரு போர்வைக்காகவா அஞ்சாயிரம் டாலரை வேணாம்னு விட்டே?"

"தோவா," என்றான் லோவெல். அவ்வளவுதான் சொன்னான்.

எங்களுக்குப் புரிந்தது. தோவா ஹெர் மாவட்ட லாரிக் கொட்டகையின் மெக்கானிக். லோவெலின் லாரியைத் தினமும் காலையில் அவன்தான் கிளப்பிக் கொடுப்பான். தோவாவின் மகன் அதே மருத்துவமனையில், பக்கத்து அறையில், புத்தாண்டு விடியற்காலை 4.57க்குப் பிறந்தவன்; ஹேசல் இல்லாவிட்டால் முதல் குழந்தை அவன்தான். அன்று காலை காப்பியோடு வந்து லோவெலின் கையைக் குலுக்கி வாழ்த்தியவன் தோவா.

"தினம் அவன் மூஞ்சியிலதானே முழிக்கணும்," என்றான் லோவெல். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இர்மா, இங்க பேசுறதை வெளிய சொல்லமாட்டோம்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்கல்ல? அப்ப பணத்தையும் கேட்டுட்டு, போர்வையையும்…"

முடிக்காமல் நிறுத்தினான். நான் சொல்லமாட்டேன் என்பது உண்மைதான். யாருக்கும் தெரியப்போவதில்லை. குழந்தைக்கு விக்கல் எடுத்தது.

"பொறந்தநாள் கேக்கை எப்ப வெட்டுவே?" என்றாள் கிர்ஸ்டன். "வீட்டுக்கு ஒரு தேதி, ஊருக்கு ஒரு தேதியா? அஞ்சு வயசுல அவளே கேப்பாளே." இப்போது அவள் குரலில் கேலி குறைந்திருந்தது. "இன்னும் பத்து நாள்ல என் லீவு முடியுது. சம்பளமில்லாத லீவு. அப்புறம் முதியோர் இல்லத்துச் சமையக்கட்டுல நாப்பது பேருக்கு உருளைக்கிழங்கு மசிக்கணும். இந்தப் பணம் வந்தா ஜூன் வரைக்கும் இவகூட இருப்பேன். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போடும் இடத்தை லோவெல் பக்கம் திருப்பி வைத்தேன். மேலே சொன்ன யாவும் உண்மை என்று அங்கே அச்சிட்டிருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. அவன் படித்தான். பிறகு என் தலைக்குப் பின்னால் வெகுநேரம் பார்த்தான். எழுந்து போய் ஊசியைப் பிடுங்கி, பத்திரிகைத் துண்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வந்து கையெழுத்துப் போட்டான்.

"அப்படியே அந்த மீன்பிடிப் புத்தகத்தையும்…" என்றேன்.

"அதையும் இன்னிக்கே ஒத்துக்கணுமா?" என்றான் பாவமாக.

அந்த அறையில் கேட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை தன் கணக்கோடு வந்த தோவாவே ஆரம்பித்தான்.

"திங்கக்கெழம கொட்டகைக்கு வந்தான். கையில துணி மூட்டை. பத்து நிமிஷம் பனியைப் பத்திப் பேசினான் இர்மா. அன்னிக்குப் பனியே பெய்யல. அப்புறம் எல்லாத்தையும் கொட்டிட்டு போர்வையை நீட்டினான். மோந்து பாத்தேன். துவைச்சியான்னேன். நாலு தடவைன்னான். பத்தலைன்னேன்."

"வாங்கிக்கிட்டியா?"

"எங்க வீட்டுல மாமியார் தச்சதே ஏழு கெடக்கு. ஆனா வேணாம்னா அழுதிருப்பான். வாங்கிக்கிட்டு, டயப்பர் எங்கேன்னு மட்டும் கேட்டேன். சும்மா விளையாட்டுக்கு. ஆளு வெளுத்துட்டான். இப்ப தினம் காலைல என் கருவிப் பெட்டிமேல ஒரு கட்டு டயப்பர் இருக்கு. எல்லாம் அவன் பொண்ணு சைஸ். என் பையன் அவளைவிட ரெண்டு மடங்கு."

சிரித்துக்கொண்டே படிவத்தைப் பார்த்தான். அவன் மகனுக்கு இந்தக் கணக்கில் ஒன்றும் கிடையாது. அடுத்த வருடம் கிடைப்பதும் குறைவு. அதை எப்படிச் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும்," என்றான் அவனே. "ஹேசலுக்கு அப்புறம் சரியா அஞ்சு மணி நேரம் கழிச்சு வந்தான். அஞ்சாயிரம் போச்சு. மணிக்கு ஆயிரம். பொறக்கும்போதே அப்பனுக்கு இவ்வளவு செலவு வச்ச பய, பெரியவன் ஆனா என்ன பண்ணுவானோ!"

ஏப்ரலில் பத்திரிகை நான்கு வரியில் திருத்தம் போட்டது. கூடவே புதுப் படம். நாலாவது மாதத்தில் 'ஆண்டின் முதல் குழந்தை' ஆகிவிட்ட தோவாவின் மகன், போர்வைக்குள் கடுகடுவென்று படுத்திருந்தான். அதை வெட்டிப் பலகையில் குத்தினேன். என் கோணல் நட்சத்திரம் நன்றாகவே தெரிந்தது.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. உருளைக்கிழங்கு மசிக்கிற நேரம். கிர்ஸ்டன் நூலகத்துக்குள் வந்தாள். ஹேசல் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு பழைய மீன்பிடிப் புத்தகத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அபராதம் எவ்வளவு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மதியம்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.