மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் பம்ப்

1

இந்தக் கதை என் தலைக்கு மேலிருந்து வந்தது. கற்பனை வளம் என்று பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. காலடிப்பேட்டையில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடிப் போர்ஷனில், குளியலறைச் சுவருக்கு வெளியே, ஷவருக்கென்று ஒரு பம்ப் மாட்டியிருக்கிறார்கள். ஷவரைத் திறந்தால் ஓட வேண்டும், மூடினால் நிற்க வேண்டும். ஆனால் அது யாரும் எதையும் திறக்காதபோதும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை டுர்ரென்று நாலு நொடி ஓடிவிட்டு நிற்கிறது. இரண்டு வாரமாக என்னால் ஒரு பத்தியை உருப்படியாக முடிக்க முடியவில்லை. சரி, அந்தச் சனியனைப் பற்றியே எழுதித் தொலைப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: “துறைமுகக் காற்றில் உப்பும் டீசலும் கலந்து வீசிய அந்தக் காலையில், லியோனார்ட் தன் நீண்ட வாழ்வின்

(பம்ப் ஓடியது. நல்லதாகப் போயிற்று. அந்த வாக்கியம் எங்கே போகப் பார்த்தது என்று எனக்கும் தெரியாது.)

2

மாடிப் போர்ஷனில் இருக்கும் லியோனார்ட் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கிரேன் இரைச்சலில் காது பாதி போய்விட்டது. பெருமை மட்டும் முழுசாக இருக்கிறது. வீட்டுக்குள் பிளம்பர் என்ற ஜாதியையே அவர் விட்டதில்லை.

மனைவி பிலோமிக்கு வலது தோள் இறுகிப்போய்விட்டது. கை காதுக்கு மேல் எழும்பாது, சொம்பு தூக்கித் தலைக்கு ஊற்றிக்கொள்ள முடியாது. மூன்று மாதம் லியோனார்டுதான் ஊற்றிவிட்டார். பிலோமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் சொன்னாள்:

“நீ ஊத்தறப்போ என்னப் பொணத்தக் குளிப்பாட்ற மாறி கீது.”

மறுநாளே அவர் பம்ப் வாங்கி வந்துவிட்டார். மாடித் தொட்டிக்கும் ஷவருக்கும் உயரம் நாலடிதான். பம்ப் இல்லாவிட்டால் ஷவரில் தண்ணீர் அழுதுவடியும். மாட்டிய அன்று பிலோமி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் குளித்தாள், கோயில் பாட்டு ஒன்றும் பாடினாள். வெளியே துண்டோடு நின்ற லியோனார்டுக்குக் கண் கலங்கிவிட்டது. (இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நானே சேர்த்தேன். ஆனால் கலங்கியிருக்கும், எனக்குத் தெரியும்.)

நாலாம் நாள் பம்ப் இந்த விக்கலைத் தொடங்கியது. பத்து நாள் பொறுத்த பிலோமி கெடு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது அடங்காவிட்டால் கழற்றிவிட வேண்டும், பழையபடி அவரே ஊற்றட்டும். கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். தோற்றுப்போனவள் மாதிரி சொன்னாள்.

3

அவர் செய்தவை: பைப்பில் அடைத்த காற்றை வெளியேற்றினார். ஃபில்டரைக் கழுவினார். தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வைப் பிரித்துப் பார்த்தார், குற்றமில்லை. எல்லாக் குழாய்க்கும் வாஷர் மாற்றினார். லைனில் எங்கோ கசிகிறது, அதனால்தான் அழுத்தம் குறைந்து பம்ப் எழுந்துகொள்கிறது என்று கிரேன் அனுபவம் சொன்னது. ஒவ்வொரு ஜாயின்டுக்கும் கீழே செய்தித்தாள் விரித்து நாளெல்லாம் காவல் இருந்தார். எல்லாம் காய்ந்தே கிடந்தன.*

* ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் தாள் விரிக்கவில்லை. குளியலறையில் ஷவருக்குக் கீழே, அதே லைனில் வாளி பிடிக்க வைத்த கீழ்க்குழாய்க்கு அடியில். அங்கே வாளி இருந்தது.

4

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு தெரிந்தவர் வாளியை எப்படிக் கோட்டைவிடுவார்? வாசகர் சிரிக்கமாட்டாரா? இரண்டு முறை அடித்துத் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். அவர்கள் இருவரும் கொருக்குப்பேட்டையில் முப்பது வருடம் லைன் வீட்டில் இருந்தவர்கள். குழாய்க்கடியில் வாளி இருப்பதை அங்கே யாரும் பார்ப்பதில்லை, இல்லாவிட்டால்தான் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை ஒவ்வொரு வால்வாக அடைத்துப் பார்த்தார். கீழ்க்குழாயின் வால்வை அடைத்ததும் பம்ப் பத்து நிமிடம் மூச்சுவிடவில்லை. குழாயைக் கையால் திருகினார். இன்னும் கால் திருகு போயிற்று. பழுதே இல்லை, குழாயை முழுசாக மூடவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் போய்ப் பார்த்தால் மறுபடி கால் திருகு தளர்ந்திருந்தது. அந்த வீட்டில் வேறு யார் கை?

கொருக்குப்பேட்டையில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. பிலோமி குழாயைத் திறந்தே வைத்து, அடியில் காலி அலுமினியக் குண்டானை வைத்துவிட்டுப் படுப்பாள். முதல் சொட்டு டங்கென்று விழுந்ததும் எழுந்துவிடுவாள். இங்கே தொட்டி நிறையத் தண்ணீர். ஆனாலும் அவள் கைக்குக் கடைசிக் கால் திருகு பழக்கமில்லை, சொட்டு கேட்காவிட்டால் தண்ணீர் நின்றுபோனதென்று காதும் தூங்க விடாது. பாதிச் செவிடான கணவருக்கு அந்தச் சொட்டு கேட்டதேயில்லை.

லியோனார்ட் கீழே வந்து என்னைக் கேட்டார். “சொன்னா மூடிருவா நைனா. அப்பால தூங்க மாட்டா. நீதான் கத எய்துறியே, இன்னா பண்லாம் சொல்லு.”

5

முடிவு அ: அவர் ஸ்பேனரால் குழாயை இறுக்கிவிடுகிறார். பிலோமியால் திறக்க முடியாது. ஒவ்வொரு வாளிக்கும் அவரைக் கூப்பிட வேண்டும். அப்புறம் அவளுக்கு ஷவர் எதற்கு? (அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அந்தக் குழாய்க்குப் பம்பைத் தொடாத தனி லைன். சரியான வைத்தியம். ஆனால் டைல்ஸை உடைக்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார், கதைக்காகக்கூட.

முடிவு இ: பிலோமி திடீரென்று

(ஓடியது.)

நான் இப்படித் தடவிக்கொண்டிருந்தபோது அவர் மேலே போய்ச் செய்த காரியம் இது. குடிதண்ணீர் டிரம்மை நகர்த்திக் குளியலறைக் கதவுக்கு வெளியே ஸ்டூல் மேல் வைத்தார். அதன் பிளாஸ்டிக் குழாயைச் சொட்டுகிற அளவுக்குத் தளர்த்தினார். பரணிலிருந்து அந்தப் பழைய குண்டானை எடுத்து அடியில் வைத்தார். இன்று காலை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த பிலோமி அதைப் பார்த்துவிட்டு என்ன இது என்று கேட்டிருக்கிறாள்.

“தண்ணி கீதுன்னு ஒனக்குச் சொல்லிக்கினே இருக்கும்,” என்றார் அவர். “இதுக்கும் பம்புக்கும் சம்பந்தமில்ல.”

அவள் குண்டானையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். லியோனார்ட் நேராக ஓடிவந்து இவ்வளவையும் என்னிடம் ஒப்பித்துவிட்டு மேலே ஏறிப் போனார்.

6

இப்போது ஞாயிறு காலை பத்தே கால். பம்ப் நீளமாக ஓடுகிறது. பாட்டும் கேட்கிறது, சுருதி கொஞ்சம் முன்னே பின்னே. குளித்து முடித்ததும் அவள் கீழ்க்குழாயில் வாளி பிடிப்பாள், அது வழக்கம். அதோ பிடிக்கிறாள்.

பம்ப் நின்றுவிட்டது. அவள் கை குழாய் மேல் இருக்கும். கால் திருகு.

ஒரு நிமிடம் ஆயிற்று. மேலே லியோனார்டின் காலடி நின்ற இடத்திலேயே நிற்கிறது. பாவம், அவருக்கு டிரம்மின் சொட்டும் கேட்காது, அவள் சொன்னால்தான் உண்டு. இரண்டு நிமிடம். தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். நான் பேனாவை வைத்துவிட்டேன், இனிமேல் எழுதினால் அது என் ஆசையாகத்தான் இருக்கும்.

இரண்டரை. மிச்ச அரை நிமிடம் உங்களுடையது.