பூண்டு கறுக்கவில்லை

எங்கள் கடையில் வந்து உட்கார்ந்ததும் சாப்பாட்டுக் குச்சியைக் கையில் கொடுத்துவிட மாட்டோம். மேசை நடுவில் காளான் சட்டி கொதிக்க வேண்டும், பக்கத்தில் வைத்த கடிகாரம் அலற வேண்டும், அப்புறம்தான் குச்சி. அதற்குமுன் கரண்டியை விடுகிறவர் மாகாண அதிகாரியாகவே இருந்தாலும் கையில் ஒரு தட்டு தட்டுவேன். ஒவ்வொரு சட்டியிலிருந்தும் கொஞ்சம் சூப்பை எடுத்துக் குளிர்பெட்டியில் வைப்பதும் உண்டு, ஏதாவது விபரீதம் நடந்தால் டாக்டரிடம் காட்டுவதற்கு. மழைக்காலத்தில் தென்சீனத்து எங்கள் குன்மிங் நகரத்துக் காளான் கடைகள் எல்லாம் இப்படித்தான்.

வீட்டில் இந்தச் சட்டமெல்லாம் செல்லாது. கடையில் போலீஸ்காரர் மாதிரி நிற்கும் என் கணவர் யோங்ஃபு, வீட்டு அடுப்படியில் ராஜா. மலையில் தானே பறித்த காளானைத் தானே சமைப்பார். கூடவே நாலு பல் பூண்டைப் போட்டு வதக்குவார். பூண்டு கறுத்தால் விஷம், வெள்ளையாகவே இருந்தால் சாப்பிடலாம். இது அவருக்கு அவருடைய அப்பா சொன்னது. பூண்டுக்கு என்ன தெரியும், அது என்ன டாக்டருக்குப் படித்திருக்கிறதா என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவருடைய ராணுவத் தோழர் கெங் தாவெய் ஆகஸ்டில் நாட்டின் வடகோடியில் இருக்கும் ஷென்யாங்கிலிருந்து வந்தார். ஆறடி ஆள், தெருமுனையில் பேசினால் நம் வீட்டு ஜன்னல் அதிரும். எங்கள் ஊரை ஒரேயடியாகப் பார்த்துத் தீர்த்துவிடும் வெறியில் வந்திருந்தார். பொற்குதிரை அலங்கார வளைவு, பழைய ராணுவப் பள்ளி, பழைய தெரு, சுட்ட பால்கட்டி, ராத்திரி பாட்டுக் கச்சேரி என்று இரண்டு நாள் என் கணவரை இழுத்துக்கொண்டு அலைந்தார். அவருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. எங்கள் ஊரில் நீலம் பாரிக்கும் காளான் ஒன்று உண்டு. அரைவேக்காட்டில் தின்றால் விரல் உயரக் குட்டி மனிதர்கள் கண்முன்னே ஆடுவார்கள். ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும்.

"அண்ணி, எனக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடியே குச்சியக் குடுத்துடுங்க. அந்தக் குட்டிப் பசங்கள நானும் ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்" என்று கடையில் கெஞ்சினார்.

போய் டிவி பாருங்கள் என்று விரட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் நான் கடையில் இருந்தேன். ஆண்கள் இரண்டு பேரும் மேற்கு மலைக்குப் போய்க் காளான் பறித்து வந்து, மதியம் வீட்டிலேயே சமைத்திருக்கிறார்கள். என் கணவருக்கு மூட்டுவாதம், காளான் ஆகாது. அதனால் வாணலி முழுக்க விருந்தாளிக்கு. சாயங்காலம் வளைவுக்குப் பக்கத்து மதுக்கடைத் தெருவுக்குப் போனார்கள், தோளில் கைபோட்டுப் பாடிக்கொண்டு திரும்பினார்கள். வந்ததும் தாவெய்க்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. குடித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே முடிவுகட்டினோம். நானும்தான். இஞ்சித் தண்ணீர் போட்டுக் கொடுத்து இருவரையும் சேர்த்துத் திட்டினேன். மறுநாள் முழுக்க மனிதர் சுருண்டு கிடந்தார்.

அதற்கடுத்த நாள் காலையில் அவர் குளித்து, தலைசீவி, சமையலறையில் வந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது. சாயங்காலம் விமானம். இரண்டு கிண்ணம் அரிசி நூடுல்ஸ் உள்ளே போயிற்று, மூன்றாவதற்குக் கிண்ணத்தை நீட்டினார். எனக்கும் மனசு லேசாயிற்று.

"ஒரு வாணலி காளான் தின்னேன் அண்ணி, ஒரு குட்டிப்பய கூட வரல. உங்க வீட்டுக்காரன் என்னை ஏமாத்திட்டான்."

எந்தக் காளான் என்று கேட்டேன். புற்றுக்காளான்தான், இளசு, என்றார் என் கணவர். தாவெயின் மகளுக்குக் கொடுத்தனுப்பக் கொஞ்சம் எடுத்து வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். பொட்டலம் கட்டலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்து பையை அவிழ்த்தேன்.

எல்லாம் வெள்ளை. மாசுமருவில்லாத வெள்ளை. தொப்பிக்குக் கீழே மெல்லிய பாவாடை. பெரும்பாலும் அடியை வெட்டிவிட்டிருந்தார். ஒன்று மட்டும் மண்ணோடு வந்திருந்தது, அதன் காலடியில் கிழிந்த முட்டைத்தோல் மாதிரி ஓர் உறை. வருஷா வருஷம் சுகாதார அலுவலகத்துப் பெண் கடைக்கு வந்து படத்தைத் தூக்கிக் காட்டிச் சொல்வது இதைத்தான். இது குட்டி மனிதர்களைக் காட்டாது. முதலில் வயிற்றைப் புரட்டும், பிறகு ஒருநாள் விட்டுவிடும். ஆள் எழுந்து சாப்பிடுவார், சிரிப்பார். உள்ளே ஈரல் கரைந்துகொண்டிருக்கும். இறைச்சி நறுக்கிக்கொண்டே அரைக்காதில் கேட்டதெல்லாம் வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது.

"பூண்டு கறுக்கவே இல்லையே" என்றார் என் கணவர்.

கிண்ணத்தைத் தாவெயின் கையிலிருந்து வாங்கி வைத்தேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். அவர் மார்பில் தட்டிக் காட்டினார். குதிரை மாதிரி இருக்கிறாராம், ஏரியைச் சுற்றிவிட்டு அப்படியே விமான நிலையம் போகிறாராம்.

"தம்பி, நீங்க நல்லா இருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

அதற்கும் சிரித்தார். இதற்குள் என் கணவர் மண்ணோடு இருந்த அந்தக் காளானைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் தாவெய் சிரிப்பை நிறுத்தினார். அப்போதும் பாவப்பட்டது தனக்காக அல்ல.

"சரி எந்திரிடா. உனக்காக வரேன்" என்று அவரைத் தூக்கி நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் கணவரைத்தான் நோயாளி என்று நினைத்துக் கையைப் பிடித்தாள். டாக்டர் சின்னப் பெண். காளான் பையைப் பிரித்துப் பார்த்தவள், எப்போது சாப்பிட்டார் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். தாவெய் வெளியே வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார். வளைவுகளைப் பற்றியும் பாட்டுக்காரர்களைப் பற்றியும் அந்த வராந்தாவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிவு வந்ததும் டாக்டர் எங்கள் இருவரை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"அவர் வீட்டு ஆளுங்க ஷென்யாங்லேருந்து எவ்ளோ சீக்கிரம் வர முடியும்?"

என் கணவர் என்னைப் பார்த்தார். சாத்திய கதவைத் தாண்டி அந்தப் பெரிய குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏர்போர்ட்டுக்கெல்லாம் நீ அலைய வேணாம்டா கண்ணு. ராத்திரி நானே வீட்டுக்கு வந்துருவேன்."