கடைசிக் குடுவை

மயான வண்டி மூன்று மணிக்கு. ஒன்றரைக்கே அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கூடத்தில் மாலையோடு அம்மா கிடந்தாள்.

"எங்க மாப்ள கிளம்பிட்டீங்க?" பெரிய மாமாவின் குரல் எட்டுத் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"லேபுக்கு. உங்க தங்கச்சி வேலைதான்."

மகள் கார் சாவியோடு பின்னால் ஓடினாள்.

நம் செல்களுக்குச் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியாவுக்குள் குட்டிக்குட்டி ஆர்.என்.ஏ. துண்டுகள் உண்டு. எந்தப் புரதத்துக்கும் செய்முறை சொல்லாதவை. அவை அங்கேயே பிறந்தவை என்பது அப்பாவின் முப்பது வருடக் கட்சி. வெளியிலிருந்து ஒட்டிய குப்பை என்றார்கள் உலக விஞ்ஞானிகளில் பாதிப்பேர். மீதிப் பாதிக்கு அப்பா இருப்பதே தெரியாது.

போன வருடம் அம்மாவின் கையில் மிளகளவு தோல் எடுத்து, அதன் செல்களைக் குடுவைகளில் சத்துத் திரவம் ஊட்டி வளர்த்தார்.

"கல்யாணத்துலேர்ந்து என் தோலைத்தான் உரிக்கிறீங்க. இப்பதான் கையெழுத்து கேக்குறீங்க" என்றாள் அம்மா. அன்றிலிருந்து, அவர் வீடு திரும்பினால் அவளது முதல் கேள்வி, "இன்னிக்கு நான் சாப்பிட்டேனா?"

"சாப்பிட்ட. தட்டைக் கழுவல."

சிரித்துச் சிரித்துப் புரையேறும் அவளுக்கு. எதிர்வீட்டுக்காரர் தண்ணீரோடு ஓடிவருவார்.

மிச்சம் ஒரே குடுவை. செல்களுக்கு வயதாகிவிட்டது, இனிப் பெருகாது. இன்று அவற்றை உடைத்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து, அதன் வெளியே ஒட்டியதையெல்லாம் நொதியால் அழித்துவிட்டு, உள்ளே மிஞ்சுவதைக் காட்ட வேண்டும். ஆய்விதழ் தந்த கெடு திங்கட்கிழமை.

அப்பா கையுறை போட்டார். நொதிக் குப்பியைப் பனிக்கட்டியில் செருகினார். குடுவையை நுண்ணோக்கியில் வைத்தார். மகளும் எட்டிப் பார்த்தாள். செல்கள் நீளநீளமாக, மத்தியான வேளையில் பாயில் புரள்கிறவர்களைப் போல.

"உடைச்சா தெரிஞ்சிடுமாப்பா?"

"தெரிஞ்சிடும். அத்தனை பய வாயும் அடைச்சிடும்."

அவர் வெகுநேரம் நுண்ணோக்கியிலிருந்து தலையெடுக்கவில்லை. மாமாவின் அழைப்பு இரண்டு முறை வந்து ஓய்ந்தது.

பிறகு நொதிக் குப்பியை எடுத்துக் குளிர்பெட்டியில் திரும்ப வைத்தார். பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்தார். இளஞ்சிவப்பில் புதியதைக் குடுவையின் சுவரோரமாக, செல்கள் அசையாதபடி, வழியவிட்டார்.

"அப்பா, கெடு?"

"முப்பது வருஷமா இல்லன்னுதான சொல்றானுங்க. சொல்லிட்டுப் போகட்டும்."

காற்று போக மூடியை அரைச்சுற்று தளர்த்தினார். குடுவையில் ஒட்டியிருந்த காகிதப் பட்டையில் அடுத்த சாப்பாட்டுக்கான நாளைக் குறிக்கப் பேனாவை வைத்தார். அது எழுதவில்லை. உதறினார். மறுபடி அழுத்தி எழுதினார்: வெள்ளி.