திருவாரூர்ச் சாமி பேரு

…தலையாட்டினார்களே, தலைப்பூ குலுங்கக் குலுங்க நன்றாகத்தானே ஆட்டினார்கள், இந்தக் கண்ணால்தானே பார்த்தேன், என்று எத்தனையாவது தடவையோ எழில்மொழி தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது கீழ்வேளூர் பஸ் அவளைத் திருவாரூரில் இறக்கிவிட்டுப் போயே விட்டிருந்தது. கமலாலயக் குளக்கரையோரம் கால் தானாக நடந்தது. நர்ஸிங் ஹோமுக்கு இந்த வழி சுற்றுதான், சுற்றட்டும், கொஞ்சம் தாமதமாகட்டும்… நேற்றுதான் அவளை மாடி டியூட்டியிலிருந்து கீழ் வார்டு டியூட்டிக்கு மாற்றினார்கள், அங்கே ஒருவரையும் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் தியாகராஜன் என்பவருக்குச் சர்க்கரையை இறக்கும் இன்சுலின் ஊசி போட வேண்டியிருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், பக்கத்தில் மனைவி. உங்க வீட்டுக்காரர் பேரென்னம்மா என்று இவள் கேட்டாள். புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்கிற ஆளா அந்த அம்மாள்? “எம்பேரு கமலாம்பாள். இந்த ஊர்க் கோயில்ல நான் அம்மன்னா சாமி யாரு? அதான் அவுங்க பேரு” என்று விடுகதை போட்டார். தியாகராஜரா என்று இவள் கேட்க, சிரிப்பும் தலையாட்டலும். இவளுக்கும் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே போட்டுவிட்டாள். அந்தச் சாமியைத் தியாகராஜர் என்பார்கள், தியாகேசர் என்பார்கள், கும்பிடுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், ஊசிக்கு ஒன்றில்லையே… படுத்திருந்தவர் தியாகேசன். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர், சர்க்கரை வியாதியே இல்லாதவர். குளியலறைக்குப் போயிருந்த தியாகராஜன் அரை மணி கழித்துச் சாவகாசமாகத் திரும்பி வந்து எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து, “என்ன சிஸ்டர், சோறு ஆறுது, எனக்கு இன்னும் ஊசி போடலியே?” என்று கேட்டபோதுதான் அவள் ஜன்னலோரக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

ஓடினாள். அதற்குள் தியாகேசனுக்குச் சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கியிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை தரைமட்டம். நரம்பில் குளுக்கோஸ் ஊசியை ஏற்றினாள்… அவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். கமலாம்பாள் இவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா செவ்வந்தி இந்த மாதிரி வீடுகளின் வயலில் நடவு நட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தவள், அவள் பெற்ற மகளின் கையை அவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்… அந்த நேரத்தில் இனித்தது, பொய் சொல்வானேன், இனிக்கத்தான் செய்தது. அதுதான் இப்போது கசக்கிறது. டாக்டரிடம் உடனே சொன்னாள், மறைக்கவில்லை. டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்த அம்மாளிடம் போய், சில பேருக்கு இப்படித் திடீர்னு சர்க்கரை இறங்கும்மா, பலவீனம்தான், நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம் என்றார். ரெத்தினம் சிஸ்டர், வார்டுக்கே பெரியவர், இவளை மருந்து அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். “ஆளு நல்லா இருக்காரா? இருக்காரு. அப்புறம் என்ன? வாயத் தொறந்தேன்னா கேஸு, கோர்ட்டு. நர்ஸிங் கவுன்சில்ல உன் பதிவே போயிடும். ஒங்கப்பா முருகையன் ஊரெல்லாம் எம்பொண்ணு நர்ஸுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு, அவரை நெனச்சுப் பாரு.” நினைத்துப் பார்த்தாள். ராத்திரி அப்பா ஆசையாய் மீன் குழம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தபோதும் நினைத்துப் பார்த்தாள், சோறு இறங்கவில்லை.

சரி, யார் தப்பு? பேரைக் கேட்டேனே, கேட்காமலா போட்டேன்? அவர்கள் ஆமாம் என்றார்கள்… கல்லூரியில் சட்டமும் அறமும் என்று ஒரு பாடம், மதியத் தூக்கத்துக்கென்றே வைத்த பாடம், பாதி வகுப்பு கொட்டாவி விடும். நோயாளியைப் பேர் சொல்லச் சொல்லு, நீயாகச் சொல்லி ஆமாம் வாங்காதே, கையில் கட்டியிருக்கும் பேர்ப் பட்டையைப் பார், அப்புறம்தான் மருந்து. பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதி முழு மார்க் வாங்கியவள் அவள்தான். தவறு நடந்தால் நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும், அது அவருடைய உடம்பு, தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு என்றும் எழுதினாள். எழுதுவதற்கு என்ன, பேனா இருந்தால் போதும்! பட்டை அவருடைய ஊசி போடாத மற்றக் கையில் இருந்தது, போர்வைக்குள். போர்வையை விலக்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்… ஆனால் தூங்குகிறவரை எதற்கு எழுப்புவது என்றுதானே, அந்த அம்மாள் அவ்வளவு சிரித்த முகமாய்ச் சொன்னார்களே என்றுதானே… மறுபடியும் அந்த அம்மாள். ஏன் எல்லாம் அவர்களிடமே போய் முடிகிறது? சொல்லாவிட்டால்தான் என்ன, இன்று சாயங்காலம் ஊருக்குப் போய்விடுவார்கள், ஜென்மத்துக்கும் பார்க்கப்போவதில்லை. சொன்னால் அந்த அம்மாள் என்ன ஆவார்கள், என் விளையாட்டுப் பேச்சால் புருஷனைக் கொல்லப் பார்த்தேனே என்று உடைந்துபோக மாட்டார்களா, அவர்களுக்காகவாவது சொல்லாமல் இருக்கலாமே… அடிப் பாவி, நல்ல சாக்கு கண்டுபிடித்தாயடி, என்று தன்னையே வைதுகொண்டு படியேறினாள்.

வார்டில் மூட்டை கட்டியாகிவிட்டது. தியாகேசன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், புதிதாக எதற்கோ பயப்படுகிற முகம். கமலாம்பாள் அவர் சட்டைப்பையில் கற்கண்டுப் பொட்டலத்தைத் திணித்துக்கொண்டிருந்தார். “வா பாப்பா, ஒன்னத்தான் தேடிக்கிட்டிருந்தேன். இனிமே இவுங்கள வயலுக்குத் தனியா விடுறதா இல்ல. வரப்புல நடக்குறப்போ திடீர்னு மயக்கம் வந்து வாய்க்கால்ல விழுந்தா யாரு பாக்குறது? நெலத்தக் குத்தகைக்கு விட்டுடலாம்னு பையனுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்.” தியாகேசன் திரும்பாமலே, “விடலாம், விடலாம்… சம்பா நாத்து விட்டிருக்கேன், அத மட்டுமாச்சும் நட்டுடறேனே” என்றார், ஏதோ வாத்தியாரிடம் கெஞ்சுகிற பிள்ளை மாதிரி. எழில்மொழி அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள். இல்லாத வியாதி ஒன்றைப் பொட்டலமாய்க் கட்டிச் சட்டைப்பையில் வைத்து அனுப்புகிறோமே, ஆள் நல்லா இருக்காரென்று ரெத்தினம் சிஸ்டர் சொன்னாரே, இதுவா நல்லா இருப்பது? பதிவு போனால் என்ன செய்வேன், அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன், தெரியாது, ஒன்றும் தெரியாது… “நேத்து நீ மட்டும் அந்த ஊசியப் போடலேன்னா…” என்று கமலாம்பாள் மறுபடி அவள் கையைப் பிடித்தார், குரல் தழுதழுத்தது. கண்ணருகே கொண்டுபோகும் முன் எழில்மொழி கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

“அது ரெண்டாவது ஊசிம்மா.”

கமலாம்பாள் நிமிர்ந்தார். தியாகேசனும் ஜன்னலிலிருந்து திரும்பினார். “மொத ஊசி எதுக்கு?” என்று கேட்டது அவர்தான். பஸ்ஸில், குளக்கரையில், படியில் என்று காலையிலிருந்து எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள், அத்தனையும் ஒரே இடத்தில்தான் தொடங்கியிருந்தன என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போதும் அதுவே நாக்கு நுனியில் வந்து நின்றது… நீங்க தலையாட்டுனீங்க. கமலாம்பாளின் கொண்டையில் பூ இன்னும் வாடாமல் இருந்தது. எழில்மொழி அந்த வார்த்தையை விழுங்கினாள்.

“நான்…” என்று ஆரம்பித்தாள்.