படியிறங்கி வந்த கல்லறை

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, மலைமேல் இருந்த மகானின் கல்லறை தையல்காரம்மாவின் வீட்டுக்குள் வந்து நின்றது. தையல் மிஷினுக்கும் அவள் கணவன் படுத்திருந்த கட்டிலுக்கும் நடுவே, ஒரு ஆள் ஒருக்களித்து நடக்க இடம் விட்டு, கச்சிதமாக. சுவர் ஒன்றும் இடியவில்லை. வாசல் கால்மிதி மட்டும் கொஞ்சம் கசங்கியிருந்தது.

இதற்கு அவள்தான் காரணம். நகரத்தில் மூன்று மதத்தார். மகான் எங்கள் ஆள் என்று மூவரும் சொல்வார்கள். சண்டை முற்றியபோது கல்லறை மண்டபத்தின் கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டு, மதத்துக்கு ஒரு சாவி என்று முடிவானது. மூன்று சாவிக்காரரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். அவர்களுக்கு எலியும் பூனையும் தேவலை. ஒருவர் வந்தால் இன்னொருவருக்குக் காய்ச்சல். இருவர் வந்தால் மூன்றாமவர் ஊரிலேயே இல்லை. வெளியூர்க்காரர்கள் பூட்டுகளைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அதனாலேயே மூன்று பூட்டும் பளபளவென்று இருந்தன.

தையல்காரம்மாவின் கணவன் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவன். ஏழு வருஷத்தில் அவன் வெளியே போனது மூன்றே தடவை, மூன்றும் மகானைப் பார்க்கத்தான். அந்தக் கல்லில் ஒருமுறை கை வைத்தால் போதும் என்பான். கால் வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு படி, அவள் முதுகில் சுமந்து ஏறினாள். மூன்று தடவையும் ஒரு சாவி குறைந்தது. மூன்றாம் தடவை அவன் பூட்டைப் பார்த்து அழுதுவிட்டான். அவளுக்கு வந்ததே கோபம்! கதவைப் படபடவென்று தட்டினாள். "நாங்க மூணு தரம் வந்தாச்சுங்க. இனி உங்க முறை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி சந்து, நீலக் கதவு," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மறுநாள் காலை வந்துவிட்டார்.

அன்று முழுக்க பெயின்டர் கட்டிலில் இருந்தபடியே கல்லின் மேல் கை வைத்திருந்தான், சாப்பிடும்போதுகூட எடுக்கவில்லை. மூன்று மதத்து ஜனமும் செருப்புகளை ஒரே குவியலாக விட்டுவிட்டு உள்ளே வந்தது. "துணியை மிதிக்காதீங்க, ஒதுங்கிப் போங்க," என்று அதட்டிக்கொண்டே அவள் சீருடை தைத்தாள்.

புதன்கிழமை மதியம் மூன்று சாவிக்காரரும் சேர்ந்து வந்தார்கள். கல்லறை நடந்ததைவிட அதற்குத்தான் ஊர் வாயைப் பிளந்தது. பன்னிரண்டு பேரை விட்டுத் தூக்கிப் பார்த்தார்கள், கல் அசைவேனா என்றது. கடைசியில் மலையிலிருந்து பூட்டுகளைக் கொண்டுவந்து நீலக் கதவில் மாட்டிவிட்டார்கள். தையல்காரம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். கல்லறை மறைத்ததில் கட்டிலை ஒருவரும் பார்க்கவில்லை.

அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "உள்ளே என் புருஷன் இருக்கார், திறங்கய்யா!" திறக்க வேண்டியதுதான் என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள். யார் சாவியை முதலில் போடுவது என்பதில் தகராறு வந்து, ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று மதத்துப் பூட்டு என்று உடைக்கவும் ஒருவனும் கை வைக்கவில்லை. அவள் கதவில் சாய்ந்து அவனோடு பேசிக்கொண்டே இருந்தாள். நாலு மணிக்கு உள்ளேயிருந்து பதில் நின்றது. உதவிக்கு ஆள் கூப்பிடத் திரும்பினாள்.

சந்தின் நடுவில் கல்லறை நின்றது. அதில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, பெயின்டர் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். கால் அதே கால்தான். பூட்டுகளும் அப்படியே தொங்கின.

"எப்படிங்க வெளியே வந்தீங்க?" என்று அழுதுகொண்டே கேட்டாள்.

"அவர் வாய்யான்னார், வந்தேன். பூட்டு போட்டிருக்கறதை ரெண்டு பேருமே கவனிக்கல."

பூட்டுகளை இன்றுவரை யாரும் திறக்கவில்லை. தையல்காரம்மா அந்தக் கதவு வழியாகவே குடத்தோடு போய்வருகிறாள். காலையில் கல்லறையும் பெயின்டரும் சந்துக்கு வருவார்கள். வெயில் ஏறினால் உள்ளே போய்விடுவார்கள். சாவிக்காரர்களும் வரிசையில் நின்று வருகிறார்கள். அவர்கள் முறை வரும்போது பெயின்டர் கையை ஊன்றி, கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறான்.