குப்புராஜ் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்

சேலையூர் குப்புராஜிடம் அவருடைய கிணற்றைப் பற்றி மட்டும் யாரும் வாய் கொடுத்துவிடக் கூடாது. நெல் விளைந்த நிலத்தில் ஆறு வாடகை வீடுகளைக் கட்டியவர் அவர். வயல் போனாலும் கிணறு இருக்கிறதே என்று மார்தட்டிக்கொள்வார். தினமும் காலையில் வாசலில் நின்று, மனைவி கங்கையம்மாள் தரும் பித்தளைச் செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "தேனு மாரி கீது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்.

மாடியில் குடியிருந்த தபீதாள் டீச்சர் கேன் தண்ணீர் வாங்குவதை அவரால் பொறுக்க முடியவில்லை. "இன்னா டீச்சரம்மா, எங்க தண்ணிய குடிச்சா வாய் வெந்துடுமா? என்னைப் பாருங்க, இந்த வயசுல ஒரு மாத்திரை கெடையாது" என்று பார்க்கும்போதெல்லாம் குத்திக்காட்டினார். வீட்டுக்காரரின் மனம் கோணக் கூடாதே என்று டீச்சரும் கேனை நிறுத்திவிட்டார்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டீச்சரின் மகள் பிளஸ்ஸிக்குக் கண்கள் மஞ்சளாகி, தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. குடித்த தண்ணீரில் கழிவு கலந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மாற்றுத்துணி எடுக்க வந்த டீச்சர் அழுது வீங்கிய முகத்தோடு அதைச் சொன்னதும் குப்புராஜுக்குச் சுருக்கென்றது. பிளஸ்ஸி என்றால் அவருக்கு உயிர். அதற்காகக் கிணற்றைக் குறை சொன்னால் விட்டுவிடுவாரா?

"ஸ்கூல்ல எதுனா குடிச்சிருக்கும். எங்க தண்ணியா இருந்தா மொதல்ல நான் படுத்திருக்கணுமே! கங்கா, செம்பை எடுத்துகினு வா!"

செம்பு வந்தது. டீச்சர் பார்க்கக் குடித்துக் காட்ட வேண்டும் என்று அண்ணாந்தார்.

"அது கேன் தண்ணிய்யா," என்றாள் கங்கையம்மாள்.

தூக்கிய செம்போடு குப்புராஜ் அப்படியே நின்றார்.

"மூணு வருசமா அதான் குடுக்குறேன். வயித்தால போயி ஒரு வாரம் கெடந்தியே, அப்பவே டாக்டரு கெணத்துத் தண்ணி வேணாம்னாரு. உன்கிட்ட சொன்னா வூட்டை ரெண்டாக்கிடுவே. அரிசி மூட்டைக்குப் பின்னாடி கேனை ஒளிச்சு வச்சுகினு..." பாதியில் நிறுத்திவிட்டு, டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்டயாவது சொல்லியிருக்கணும் டீச்சர். இந்த மனுசனுக்குப் பயந்து வாயை மூடிகினு இருந்துட்டேன்."

டீச்சர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குப்புராஜ் கொல்லையில் போய் உட்கார்ந்தார். செப்டிக் டேங்க் நிரம்பும்போதெல்லாம் லாரி கூப்பிடச் சோம்பல்பட்டு, வழிகிற தண்ணீரை மழைநீர்க் குழிக்குத் திருப்பிவிடச் சொன்னது அவரேதான். தயங்கிய பிளம்பரை, "எங்க மண்ணு எதையும் வடிகட்டிடும்பா" என்று அடக்கியதும் அவர்தான். குழிக்கு நாலு எட்டு தள்ளித்தான் கிணறு. விவசாயம் பார்த்த மனிதருக்கு, நிலத்தில் விட்டது எங்கே போகும் என்று தெரியாதா? ஊரார் நிலம் என்றால் நன்றாகவே தெரிந்திருக்கும்.

மறுநாளே அதே பிளம்பரை வரவழைத்து அந்தக் குழாயை அடைத்தார். ஆறு வீட்டுக் கதவையும் தட்டி, "கெணத்துத் தண்ணிய குடிக்காதீங்க, நான்தான் கெடுத்துட்டேன்" என்று சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போய் டீச்சரிடமும் அதையே சொன்னார். டீச்சர் உடனே மன்னித்துவிடவில்லை. ஆனால் பிளஸ்ஸியின் கண்கள் தெளிந்து, பசிக்கிறது என்று அவள் இரண்டாவது இட்லி கேட்ட அன்று, போன் செய்து முதலில் அவருக்குத்தான் சொன்னார். குப்புராஜ் போனைக் காதில் வைத்தபடியே தேம்பித் தேம்பி அழுதார்.

அன்று மாலையே பக்கத்து வீட்டு வேதாசலத்தின் கேட்டைத் தட்டினார். மதில் தகராறில் இரண்டு வீட்டுக்கும் வெகுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. வேதாசலம் வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு. அவர்கள் குடிப்பது போர் தண்ணீர். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார் குப்புராஜ். தெருவே சிரிக்கும் என்று தெரிந்தேதான் சொன்னார்.

"உன் போருக்கும் அது வந்திருக்கும். டெஸ்ட் பண்ணிப் பாரு. அதுவரைக்கும் கொயந்தைங்களுக்குக் குடுக்காதே."

வேதாசலத்தின் பார்வை தன் வீட்டுக் கொல்லைப் பக்கம் போனது.

"எங்க வூட்லயும் டேங்க் தண்ணிய குழிக்குத்தான் வுட்டுகினு கீறேன்," என்றார் மெல்ல. பிறகு கேட்டை அகலத் திறந்தார். "உள்ள வா. அந்தப் பிளம்பரு நம்பரைக் குடு."