வண்டியைப் பழக்கியவள்

என் தம்பி அன்புச்செல்வனுக்கு எதையும் மெதுவாகச் செய்ய வராது. சோறு தின்பது, சண்டை போடுவது, வண்டி ஓட்டுவது எல்லாம் ஒரே வேகம்தான். அந்த வேகத்தில் அப்பாவின் பழைய ஸ்கூட்டரை முறுக்கித் தள்ளி எஞ்சினைக் காலி பண்ணினான். எண்பத்தேழாம் வருஷம் வைகாசியில் கள்ளக்குறிச்சியில் சின்னதுரையின் பட்டறையில் கொண்டுபோய்ப் போட்டான். சின்னதுரை சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போதே, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஓடி முடிகிற வரைக்கும் முள் நாற்பதைத் தாண்டக் கூடாது, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, மேட்டில் முறுக்கவே கூடாது என்று கறாராகச் சொல்லி அனுப்பினார்.

நாற்பதில் போவதென்றால் என் தம்பிக்கு உயிரே போய்விடும். அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் நான் ஒருத்தி இருப்பது நினைவுக்கு வந்தது.

"அக்கா, நீதான் டெய்லி மலைக்குப் போய்க்கினு வர. பஸ்ல எதுக்கு நசுங்கற? வண்டிய எடுத்துக்கினு போ. நல்லா பழக்கிக் குடு" என்றான்.

நான் வெள்ளிமலையில் பால்வாடி டீச்சர். வடக்கனந்தலில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் மலை ஏறி இறங்குவேன். ஸ்கூட்டர் ஓட்ட எனக்கு முன்பே தெரியும். கொல்லைப் பக்கம் ஓட்டிப் பழகியபோது அப்பா பார்த்துவிட்டு, பொட்டப்புள்ள ஸ்கூட்டரில் போனால் ஊரே சிரிக்கும் என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார். இப்போது அதே அப்பா தெய்வசிகாமணி வாயைத் திறக்கவில்லை. எஞ்சின் பழகும் வரைக்கும் பெண் ஓட்டினால் ஊர் சிரிக்காது போல. பழகின பிறகு ஓட்டினால்தான் மானம் போகும். இந்த நியாயத்தை இவர்கள் எங்கே படித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தம்பிக்கு அந்த வண்டியில் ஒரு பெரிய திட்டம் இருந்தது. சேலத்தில் ஸ்கூட்டர் கிளப் ஒன்று புரட்டாசியில் ஓட்டம் வைத்திருந்தது. சேலத்தில் கிளம்பி கன்னியாகுமரி போய், அங்கே தங்காமல் அப்படியே திரும்பி சேலம் வர வேண்டும். சின்ன வண்டிகளுக்கு மட்டும். ஆள் மாற்றி ஓட்டக் கூடாது. யார் முந்தி வருகிறார்கள் என்பது பேச்சே இல்லை, வண்டியும் ஆளும் படுக்காமல் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். தம்பி தன் பெயரைக் கொடுத்துவிட்டான்.

கொடுத்தவன் தயாரான அழகைச் சொல்ல வேண்டும். தோல் கையுறை வாங்கினான். கருப்புக் கண்ணாடி வாங்கினான். வண்டிமேல் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். அம்மா கொளஞ்சியம்மாள் அவனுக்குத் தினமும் முட்டை அவித்துக் கொடுத்தாள். பகலெல்லாம் தூங்கினான். கேட்டால், ஓட்டத்தன்று தூங்காமல் இருக்க இப்போதே தூங்கிச் சேர்த்து வைக்கிறானாம்.

வண்டியோடு கிடந்தவள் நான். முதல் வாரம் இடுப்பு விட்டுப் போயிற்று. சீட்டின் மேல் கோணியை மடித்துக் கட்டினேன், அப்புறம் கோணியின் மடிப்பே குத்துகிறது என்று பழைய புடவையை மடித்துப் போட்டேன். வலது மணிக்கட்டு மரத்துப் போகும். பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றி அதையும் சரி பண்ணினேன். கிளட்ச் கேபிள் வழியில் அறுந்தால் மாற்ற நேரமாகும் என்பதால், புதுக் கேபிள் ஒன்றைப் பழையதோடு சேர்த்து ஓட்டிக் கட்டிவைத்தேன்; அறுந்தால் முனையை மாட்டினால் போதும். பிளக்கில் கரி பிடித்து வண்டி திணறினால், ரோட்டோரம் நிறுத்தி, கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டக் கற்றுக்கொண்டேன். எஞ்சின் சத்தத்தில் எது பசி, எது சூடு என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

பால்வாடியில் சமைக்கிற தைலம்மாள் மலைக்காரி, மனசில் இருப்பதைக் கேட்டுவிடுவாள். ஒரு நாள் என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், கை காப்பு காச்சிப் போச்சி? அந்த ஓட்டத்துக்கு நீங்கதான போறீங்க?" என்றாள்.

"இல்ல, என் தம்பி."

"அவுரு ஒரு நாளும் இந்த வண்டில வந்து பாக்கலியே. அப்ப நீங்க இன்னாத்துக்கு இத்தினி நாளு மல்லாடிக்கினு இருக்கீங்க?"

அன்று மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கேள்விதான் கூடவே வந்தது. நான் ஏன் போகக் கூடாது? வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன்.

"ஓட்டத்துக்கு நான் போறேன்டா. கிளப்புல பொம்பளைங்களும் ஓட்டலாம்னு போட்டிருக்கான். பேர மாத்திக்கலாம்."

அன்பு சிரித்தான். "இன்னாக்கா வெளையாடறியா? நம்ம சாதிச் சங்கத்துல எல்லார் கிட்டியும் நான் போறேன்னு சொல்ட்டேன். சங்கக் கொடி கட்டிக்கினு போறேன்."

"கொடி கட்டறது நீ. முதுவு ஒடிய ஓட்டனது நானு."

"பழக்கிக் குடுத்தா உன்னுது ஆயிடுமா? வுடுக்கா."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு, ராத்திரில கன்னியாகுமரி ரோட்டுல சுத்துவியா? வாய மூடிக்கினு சாப்புடு" என்றார். சாப்பிடாமல் எழுந்து போனேன். மறுநாளும் நாற்பதில்தான் ஓட்டினேன். எஞ்சின் என்ன பாவம் செய்தது?

புரட்டாசி பிறந்ததும் மறியல் வந்தது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுச் சங்கம் ஒரு வாரம் ரோடுகளை மறிக்கச் சொன்னது. அந்தக் கோரிக்கையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மார்க் இருந்தும் டீச்சர் டிரெய்னிங்கில் இடம் கிடைக்காமல் பால்வாடியில் உட்கார்ந்தவள் நான். எங்களுக்குச் சேர வேண்டியதை வேறு யாரோ தின்கிறார்கள் என்ற கோபம் அவர்களைவிட எனக்குத்தான் அதிகம். கள்ளக்குறிச்சி ரோடு, தியாகதுருகம் ரோடு எல்லாவற்றிலும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பஸ் இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை. ஆனால் சேலத்தில் ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை நடக்கத்தான் போகிறது என்று தகவல் வந்தது. கள்ளக்குறிச்சி வழியாகப் போக முடியாது. வெள்ளிமலை ஏறி, அந்தப் பக்கம் ஜீப் போகிற தடத்தில் இறங்கினால் சேலம் போய்விடலாம்.

வெள்ளிக்கிழமை அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தம்பி வண்டியை எடுத்தான். அத்தனை மாதத்தில் அவன் அதை ஓட்டியது அன்றுதான். சாயங்காலம் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் போட்டான். எஞ்சின் இறுகிப் பிடித்துவிட்டது. கிக்கர் இம்மியும் அசையவில்லை.

"எப்பிடிடா ஆச்சி?"

"எறங்கும்போது ஆச்சி. பெட்ரோல் கெடைக்காதேன்னு டேங்க் கொழாய மூடிட்டு, செகண்ட் கேர்ல போட்டு உருட்டிக்கினு வந்தேன். ஜீப் ஓட்டற முனியன் அப்பிடித்தான் வரான். ஒரு சொட்டு செலவு ஆவாம அடிவாரம் வந்துடுவான்."

மலை ரோட்டில் ஜீப்புகாரர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கனம் ஒரு பெருமை. ஜீப்புக்கு எண்ணெய் தனியாக இருக்கிறது. இந்த வண்டிக்குப் பெட்ரோலில் கலந்துதான் எண்ணெய் ஊற்றுகிறோம். பெட்ரோலை மூடினால் எண்ணெயும் நின்றுவிடும், கேரில் இருக்கிற எஞ்சின் மட்டும் காய்ந்த இரும்போடு இரும்பாகச் சுற்றிக்கொண்டே வரும். ஒரு நாள் அதில் போய் வந்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும். நான் இறங்கும்போது வளைவுக்கு வளைவு கொஞ்சம் முறுக்கி அதன் தொண்டையை நனைத்துத்தான் கொண்டு வருவேன்.

இதைக்கூட நான் பொறுத்திருப்பேன். அவன் அடுத்து ஒன்று சொன்னான்.

"நீ ஒழுங்கா பழக்கல. அதான் புடிச்சிக்கிச்சி."

என் வாழ்நாளில் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. கன்னத்தில் அறைந்திருப்பேன், அம்மா நடுவில் வந்துவிட்டாள். "வுடுடி, ஆம்பளப் புள்ளய அடிப்பியா?" என்றாள். மூன்று மாதம் என் முதுகு ஒடிந்ததை அவள் ஒரு நாளாவது கேட்டாளா?

எஞ்சின் ஆறட்டும் என்று விட்டேன். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் எண்ணெய் ஊற்றி ஊற வைத்தேன். காலையில் டாப் கேரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அசைத்ததில் ஒரு முறை முனகிக்கொண்டு நகர்ந்தது. சைலன்சரைக் கழற்றி உள்ளே பார்த்தேன். பிஸ்டனில் மெல்லிய கோடுகள், அவ்வளவுதான். திரும்ப மாட்டி, எண்ணெயைக் கொஞ்சம் தூக்கலாகக் கலந்து, உதைத்தேன். புகையைக் கக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

சத்தம் கேட்டு அன்பு உள்ளேயிருந்து வந்தான். கையுறை மாட்டியிருந்தான்.

"தேங்க்ஸ்க்கா. நகரு."

நான் நகரவில்லை. மறியலுக்கு முன்பே வாங்கி வைத்திருந்த பெட்ரோல் கேனை முன்னால் வைத்துக் கட்டினேன், ஏறி உட்கார்ந்தேன், கிளம்பினேன். அவன் கொஞ்ச தூரம் கத்திக்கொண்டே ஓடிவந்தான். வேகமாக ஓடுகிறவன்தான். ஆனால் நாற்பதில் போகிற வண்டியைப் பிடிக்க அதுவும் போதாது.

சேலம் போய்ச் சேர்ந்தேன். பெயரை மாற்றிக்கொண்டார்கள். கன்னியாகுமரி போய், உப்புக் காற்றில் ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பி வந்து முடித்தேன். ஓட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஊர் எல்லையில் நடந்ததை யாரும் கேட்பதில்லை.

அன்று காலை மலை ரோட்டில் எங்கள் ஊர் எல்லையிலேயே, ராத்திரியோடு ராத்திரியாக ஒரு புளியமரத்தைக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். அதன் முன்னால் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அப்பாவும், சித்தப்பா கந்தசாமியும். நான் வண்டியை நிறுத்தினேன்.

"இன்னா நீ வர? அன்பு எங்க?" என்றார் அப்பா.

"வூட்ல. நான்தான் போறேன். எல்லாரும் ஒரு கை குடுங்க, வண்டிய மரத்துக்கு அந்தாண்ட தூக்கி வுடுங்க."

ஒருவரும் அசையவில்லை. யாரோ சிரித்தார்கள்.

"வண்டியத் திருப்பு. எங்கள அசிங்கப்படுத்தாத" என்றார் அப்பா.

"அசிங்கமா? நம்ம பங்க குடுன்னு கவர்மெண்டக் கேட்டு ரோட்டுல குந்திக்கினு இருக்கீங்க. நானும் உங்களுக்காகத்தான் வயிறு எரிஞ்சேன். ஒழைச்ச வண்டிய எனக்குக் குடுன்னு வூட்ல ஒருத்தி கேட்டா, வாய மூடிக்கினு சோத்தத் தின்னுன்ற. உனக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?"

"அது வேற, இது வேற" என்றார் சித்தப்பா.

மரத்தின் ஒரு பக்கம் வாய்க்கால். இன்னொரு பக்கம் எங்கள் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போட்டிருந்தோம். நன்றாகக் காய் பிடித்து, இலை மூடி நின்றது. அதற்குள் இறங்கினால் மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ரோட்டில் ஏறிவிடலாம். நான் கொல்லையைப் பார்ப்பதை அப்பா பார்த்துவிட்டார்.

"ஏய் செல்வி! பயிருடி அது!"

"இந்தக் கொல்லைல எனக்குப் பங்கு உண்டாப்பா?"

சித்தப்பாதான் எரிச்சலோடு சொன்னார். "பொட்டப்புள்ளைக்கு ஏதுடி நெலத்துல பங்கு? அதெல்லாம் அன்புக்குத்தான்."

"அப்ப நட்டமும் அவனுக்குத்தான்" என்றேன்.

கேரைப் போட்டு இறங்கினேன். சக்கரம் மண்ணில் புதைந்து இழுத்தது. செடிகள் வேரோடு புரண்டு அச்சில் சுற்றின. காலை ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு, வேண்டுமென்றே குறுக்கு வழியைப் பார்க்காமல், சாலுக்குச் சால் மிதித்துக்கொண்டு போனேன். எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகைதான். பின்னால் எல்லோரும் கூச்சல் போட்டார்கள், எழுந்து வந்து பிடிக்க மட்டும் ஒருவரும் வரவில்லை.

மறுபக்கம் ரோட்டில் ஏறி, அச்சில் சிக்கிய கொடியைப் பிய்த்து எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஏசுவாரோ, போய்த் தொலை என்பாரோ, எதுவானாலும் கேட்டுக்கொண்டு போகலாம் என்று ஒரு நிமிஷம் நின்றேன். அப்பா கொல்லைக்குள் இறங்கியிருந்தார். நசுங்கின செடி ஒன்றைப் பிடுங்கி, மண்ணை உதறி, காய் தேறுமா என்று நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பியதை அவர் பார்க்கவில்லை.